திரையில் 316 என்று வந்துவிட்டால் போதுமா? உலோகக்கலவையின் வேதியியல் கூறுகளைச் சரிபார்ப்பது பற்றிய விவாதம்

குழாய்வழி:

அனைவருக்கும் வணக்கம். வேதிப்பொருள் ஆலை ஒன்றின் குழாய் அமைப்புப் பணிக்காகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களும் ஃபிளாஞ்சுகளும் (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் வளையங்கள்) வந்து இறங்கியிருக்கின்றன. கொள்முதல் ஆணையில் 316எல் (316 எஃகின் கார்பன் குறைந்த வகை) என்று கேட்டிருந்தோம். ஆலைச் சோதனைச் சான்றிதழிலும் 316எல் என்றே இருக்கிறது. சரக்கு வந்ததும், எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்துப் பார்த்ததில் குரோமியம் 16.8, நிக்கல் 10.3, மாலிப்டினம் 2.07 சதவீதம் என்று வந்தது. கிரேடு பெயராகத் திரையில் 316 என்று காட்டியது.

பெரும்பாலான துண்டுகளில் ஹீட் எண் (எந்த உருக்கலில் வந்த உலோகம் என்பதைக் குறிக்கும் எண்) தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. சில ஃபிளாஞ்சுகளில் மட்டும் முத்திரை தேய்ந்துபோய் எண்ணைப் படிக்க முடியவில்லை. சரக்கை ஏற்றுக்கொள்ளும் பிரிவினர், சான்றிதழும் கருவியும் ஒத்துப்போவதால் வேலையைத் தொடங்கலாம் என்கிறார்கள். வெல்டிங் ஆய்வாளரோ, கார்பன் அளவைக் காட்டாத ஒரு சோதனையை வைத்துக்கொண்டு 316எல் என்று கையெழுத்திட முடியாது என்கிறார். எக்ஸ்ஆர்எஃப் காட்டிய பெயரை எந்த அளவுக்கு நம்பலாம், வேறு எந்தச் சோதனை தேவைப்படும், சோதனைக்காகப் பொருளை எவ்வளவு சேதப்படுத்த வேண்டியிருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நிறமாலை:

உங்கள் வெல்டிங் ஆய்வாளர் சொல்வதுதான் சரி. அதற்கான காரணம் கருவியின் தரத்தில் இல்லை, இயற்பியலில் இருக்கிறது.

எக்ஸ்ஆர்எஃப் கருவியிலிருந்து புறப்படும் எக்ஸ் கதிர், அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. அந்தக் காலியிடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று நிரப்பும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலுடன் வேறோர் எக்ஸ் கதிர் வெளிப்படுகிறது. இந்த ஆற்றலுக்கும் அணு எண்ணுக்கும் இடையே ஓர் ஒழுங்கான தொடர்பு இருப்பதை மோஸ்லி 1913-இல் நிறுவினார். இன்றைய கருவிகள் எல்லாம் அந்தத் தொடர்பின் மேல்தான் நிற்கின்றன. இரும்பிலிருந்து வரும் கதிரின் ஆற்றல் 6.40 கிலோ எலக்ட்ரான் வோல்ட், குரோமியத்துக்கு 5.41, நிக்கலுக்கு 7.48, மாலிப்டினத்துக்கு 17.48. இவை காற்றையும் கருவியின் சன்னலையும் எளிதாகக் கடந்து உணரியை அடைந்துவிடும். கார்பனின் கதிருக்கோ 0.28 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத்தான் ஆற்றல் உண்டு. அது பெரும்பாலும் எஃகுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். தப்பி வெளியே வரும் சிறு பகுதியும் காற்றிலும் சன்னலிலும் நின்றுவிடும். ஆகவே கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவிகளின் கீழ் எல்லை பொதுவாக மக்னீசியம்தான். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், போரான் ஆகியவை அதன் பார்வைக்கு வெளியே இருக்கின்றன.

இரண்டாவதாக, திரையில் தெரியும் கிரேடு பெயர் அளந்து பெற்ற முடிவு அல்ல. கருவி அளந்த சதவீதங்களைத் தன் நினைவகத்தில் உள்ள கிரேடு பட்டியலோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய பெயரைச் சொல்கிறது. முகச்சாயலை வைத்து ஒருவரை இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதற்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை. குடும்பம் சரியாக இருக்கும், அண்ணனா தம்பியா என்பது தெரியாது. 316-க்கும் 316எல்-க்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு கார்பன் மட்டுமே. அதாவது, கருவியால் பார்க்க முடியாத தனிமம் ஒன்றுதான் நீங்கள் கேட்கும் கேள்வியைத் தீர்மானிக்கிறது.

தரச்சான்று:

நிறமாலை அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் சான்றிதழை முற்றிலும் ஒதுக்கிவிடும் போக்கும் சரியன்று என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஆலைச் சான்றிதழில் இருக்கும் வேதியியல் எண்கள், உலோகம் உருகிய நிலையில் இருக்கும்போது எடுக்கப்பட்ட மாதிரியிலிருந்து கிடைத்தவை. இதை ஹீட் பகுப்பாய்வு என்கிறோம். அந்த நிலையில் உலோகம் நன்றாகக் கலந்திருக்கும். மாதிரியைச் சோதிக்கும் கருவியும் அந்த ஒரே வேலைக்காக நாள்தோறும் அளவுதிருத்தம் செய்யப்பட்டிருக்கும். நேர்மையான ஆலை ஒன்றின் எண், நாம் களத்தில் எடுக்கும் எந்த எண்ணையும் விடத் துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஈஎன் 10204 தரநிலையின்படி 3.1 வகைச் சான்றிதழில், உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வுப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். 3.2 வகையில் வாங்குபவரின் பிரதிநிதியோ விதிகளின்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளரோ கூடுதலாக உறுதிப்படுத்த வேண்டும். 2.1, 2.2 வகைகள் குறிப்பிட்ட அந்தச் சரக்கைச் சோதித்துத் தரப்படுபவை அல்ல. ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.

அந்த எண் உங்கள் கையில் இருக்கும் துண்டுக்கு உரியதா என்பதைக் காகிதம் சொல்லாது. அந்த இணைப்பை ஹீட் எண் முத்திரை மட்டுமே தருகிறது. எனவே முத்திரை தெளிவாக உள்ள குழாய்களுக்குச் சான்றிதழும் எக்ஸ்ஆர்எஃப் சோதனையும், அவற்றோடு சில துண்டுகளில் மட்டும் கார்பன் சோதனையும் போதும் என்பது என் கருத்து. முத்திரை தேய்ந்த ஃபிளாஞ்சுகளுக்குச் சான்றிதழே இல்லை என்றுதான் கருத வேண்டும். எல்லாத் துண்டுகளையும் எல்லா முறைகளிலும் சோதிக்க வேண்டும் என்று சொல்வது செலவை வீணாக்குவதோடு, உண்மையில் கவனம் தேவைப்படும் இடத்திலிருந்து கண்ணைத் திருப்பிவிடும்.

பற்றவைப்பு மேற்பார்வை:

கார்பனுக்கு ஏன் இவ்வளவு வலியுறுத்தல் என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். துருப்பிடிக்காத எஃகை ஏறத்தாழ 425 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைத்திருந்தால், கார்பனும் குரோமியமும் சேர்ந்து படிக எல்லைகளில் கார்பைடாகப் படிகின்றன. அதனால் அந்த எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதியில் குரோமியம் குறைந்து, அரிப்பைத் தாங்கும் ஆற்றல் போய்விடும். வெல்டிங் செய்யும்போது இணைப்பின் இருபுறமும் ஏதோ ஓர் இடம் இந்த வெப்பத்தைக் கடந்தே தீரும். 0.08 சதவீதம் கார்பன் உள்ள எஃகில், அதுவும் தடித்த சுவர் கொண்ட பொருளில், இது உண்மையான ஆபத்து. கார்பனை 0.03 அளவுக்குக் குறைத்துவிட்டால் கார்பைடு படிவதற்கு மிக நீண்ட நேரம் பிடிக்கும் என்பதால் வெல்டிங் பாதிக்காது. மாலிப்டினம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தக் குறையை ஈடுகட்டாது. குழாய் முதல் நாளில் கசியாது. அழுத்தச் சோதனையிலும் தேறிவிடும். வெல்டுக்குப் பக்கத்தில் சில மில்லிமீட்டர் தள்ளி அரிப்பு தொடங்கும்போதுதான் வெளியே தெரியும்.

கலவை மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த தீ விபத்தை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். உயர் அழுத்த ஹைட்ரஜன் செல்லும் குழாயில் உருவத்திலும் அளவிலும் ஒன்றுபோல இருந்த வளைவுகளில் ஒன்று கார்பன் எஃகு, மற்றவை 1.25 சதவீதம் குரோமியம் கொண்ட தாழ்கலவை எஃகு. பராமரிப்புக்காகக் கழற்றி மீண்டும் பொருத்தியபோது கார்பன் எஃகு வளைவு தவறான இடத்துக்குப் போய்விட்டது. உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அங்கிருந்த கார்பனோடு வினைபுரிந்து மீத்தேனை உண்டாக்க, உள்ளுக்குள்ளேயே பிளவுபட்ட வளைவு சில மாதங்களில் வெடித்தது. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட அறிக்கையில் இந்த விவரங்கள் உள்ளன. கழற்றிய வளைவுகளைத் திரும்பப் பொருத்துமுன் ஒவ்வொன்றின் மேலும் சில விநாடிகள் எக்ஸ்ஆர்எஃப் கருவியை வைத்திருந்தாலே குரோமியம் இல்லாதது தெரிந்திருக்கும். அங்கே எக்ஸ்ஆர்எஃப் முழுமையாகப் போதுமான கருவி. இங்கே, 316எல் விஷயத்தில், அது பாதி விடைதான் தரும். ஆகவே எந்தத் தனிமம் மாறினால் ஆபத்து என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வார்ப்பகம்:

மேற்பார்வை அவர்கள் சொன்னதற்கு இன்னொரு சான்று உண்டு. 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடித்த குழாய் கார்பன் எஃகால் ஆனது. அது எந்தக் கிரேடாக இருக்க வேண்டுமோ அந்தக் கிரேடுதான், மாற்றிப் பொருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் அந்தக் குழாய்த்துண்டில் சிலிக்கான் மிகக் குறைவாக இருந்தது. 0.10 சதவீதத்துக்குக் கீழே சிலிக்கான் உள்ள கார்பன் எஃகு, சூடான கந்தகச் சேர்மங்களால் பலமடங்கு வேகமாக அரிக்கப்படும். அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் ஏ106 குழாய்க்குச் சிலிக்கான் குறைந்தது 0.10 இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஏ53 குழாய்க்கு அப்படிப்பட்ட கீழ் எல்லை கிடையாது. இரண்டையும் கார்பன் எஃகு என்றே அழைக்கிறோம்.

சிலிக்கானின் கதிர் ஆற்றல் 1.74 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதால், எக்ஸ்ஆர்எஃப் அதை மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்திலிருந்து மட்டுமே காண்கிறது. துரு, வண்ணம், மணல் வீசித் துப்புரவு செய்ததில் ஒட்டிய துகள் ஆகிய எல்லாம் அந்த எண்ணைக் கெடுத்துவிடும். சிலிக்கான் கார்பைடு உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சிலிக்கானை அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை எஃகின் எண்ணாகக் கொள்ள முடியாது. கார்பனை அளக்கும்போதும் அதே தாள் கார்பனைக் கூட்டிக் காட்டும். எஃகுக்கு அலுமினா அல்லது சிர்கோனியா தாளைத்தான் பயன்படுத்த வேண்டும். துருப்பிடிக்காத எஃகைத் தேய்க்கும் தாளை வேறு உலோகத்துக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

ஈயம் கலந்த பித்தளையில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். ஈயம் பித்தளையில் கரையாமல் சிறு உருண்டைகளாகத் தனித்து நிற்கிறது. மேற்பரப்பைத் தேய்க்கும்போது மென்மையான அந்த ஈயம் பரப்பெங்கும் இழுபட்டுப் பூசிக்கொள்ளும். எக்ஸ்ஆர்எஃப் அதைப் படித்து, உண்மையில் இருப்பதை விடக் கூடுதலான ஈயத்தைக் காட்டும். குடிநீர்ப் பொருத்திகளில் ஈயத்தின் எல்லையைச் சரிபார்ப்பவர்களுக்கு இது முக்கியம்.

நிறமாலை:

கார்பனுக்கு வருவோம். களத்திலேயே கார்பனை அளக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது ஸ்பார்க் ஓஇஎஸ் எனப்படும் பொறி உமிழ் நிறமாலை முறை. மின்முனைக்கும் பொருளுக்கும் இடையே மின்பொறியைப் பாய்ச்சும்போது ஆவியான உலோக அணுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களில் ஒளி வீசுகின்றன. இந்த ஒளியைப் பிரித்துப் பார்த்துத் தனிமத்தைச் சொல்லும் வழியைக் கிர்க்காஃபும் புன்சனும் 1860 வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். கார்பனுக்கு நாம் பயன்படுத்தும் கோடு 193.1 நானோமீட்டரில் இருக்கிறது. பாஸ்பரஸ் 178.3, கந்தகம் 180.7. இந்தப் புற ஊதா ஒளியைக் காற்றில் உள்ள ஆக்சிஜன் உறிஞ்சிவிடும். அதனால் பொறி பாயும் இடத்தையும் ஒளி செல்லும் பாதையையும் தூய ஆர்கானால் நிரப்ப வேண்டும், அல்லது ஒளிப்பகுதியை வெற்றிடமாக்க வேண்டும். சக்கர வண்டியில் வரும் கருவிகளில் கார்பனுக்கென்றே புற ஊதா முனை தனியாக இருக்கும். காற்றில் மின்வில் முறையில் இயங்கும் சாதாரண முனையை வைத்து 316எல்-ஐ உறுதிசெய்ய முடியாது. வாடகைக்குக் கருவி எடுப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

பொறி விழுந்த தடத்தைப் பார்க்கப் பழகுங்கள். நடுவில் உருகிக் குழிந்த வட்டமும் அதைச் சுற்றிக் கருமையான வளையமும் இருந்தால் அந்த அளவீடு நம்பத்தக்கது. தடம் வெளுத்து, உருகாமல், பரந்து தெரிந்தால் ஆர்கான் தூய்மையாக இல்லை, அல்லது முனை பரப்பில் சரியாகப் படியாமல் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பரப்பில் எண்ணெயோ ஈரமோ இருக்கிறது. திரையில் எண் வந்தாலும் அதை எழுதாமல் விட்டுவிட வேண்டும். விரல்பட்ட எண்ணெய்ப்பசையே 0.03 அளவிலான கார்பனில் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதால், தேய்த்த பரப்பைத் தொடாமல் உடனே சோதிப்பது நல்லது.

இரண்டாவது வழி, லிப்ஸ் எனப்படும் லேசர் முறை. ஆர்கான் சிறு குப்பியோடு கையில் பிடித்துப் பயன்படுத்தும் அளவிலேயே கிடைக்கிறது. இதுவும் அதே கார்பன் கோட்டைத்தான் படிக்கிறது. லேசர் விழும் இடம் மிகச் சிறியது என்பதால் மேற்பரப்பைத் தயார்செய்வதில் ஓஇஎஸ்-ஐ விடக் கூடுதல் கவனம் வேண்டும். பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

குழாய்வழி:

மிக்க நன்றி. ஃபிளாஞ்சின் முகப்பு மூடுபரப்பாகச் சீவி முடிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பொறித்தடம் விழுந்தால் கசிவுக்கு வழியாகும். வெளி விளிம்பில் சோதித்தால் போதுமா? இன்னொன்று, சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் களத்தில் கிடைப்பதை விட உண்மையிலேயே மேலான விடை கிடைக்குமா?

பகுப்பாய்வாளர்:

வெளி விளிம்பே சரியான இடம். கேஸ்கெட் அமரும் பரப்பிலும், போல்ட் துளையின் ஓரத்திலும், வெல்டிங் விளிம்பிலும் பொறி வைக்க வேண்டாம். சோதித்த பிறகு தடத்தை மெல்லத் தேய்த்து நீக்கிவிட வேண்டும். பொறி விழுந்த இடத்தில் உருகி உறைந்த மெல்லிய படலம் இருக்கும். அரிப்புள்ள சேவைக்குப் போகும் பொருளில் அதை அப்படியே விடக் கூடாது.

சோதனைக் கூடம் பற்றிய கேள்விக்கு: கார்பனுக்கும் கந்தகத்துக்கும் இறுதி விடை தருவது எரிப்பு முறைதான். ஒரு கிராம் அளவுள்ள துருவலைத் தூண்டல் உலையில் ஆக்சிஜன் ஓட்டத்தில் எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் கந்தக டை ஆக்சைடையும் அகச்சிவப்பு உணரியால் அளக்கிறோம். ஏஎஸ்டிஎம் ஈ1019 இந்த முறையை விவரிக்கிறது. உலோகம் எந்த வடிவத்தில் இருந்தாலும், கார்பன் எந்த நிலையில் இருந்தாலும் முழுவதும் எரிந்து வாயுவாகிவிடுவதால் பரப்பின் குறைகள் இங்கே தலையிடுவதில்லை. சாம்பல்நிற வார்ப்பிரும்பில் கார்பன் கிராஃபைட் தகடுகளாகத் தனித்து நிற்பதால் பொறி முறை தடுமாறும். அங்கே வெண்மையாக உறையும்படி குளிரவைத்த தனி மாதிரி வேண்டும், அல்லது எரிப்பு முறைக்குப் போக வேண்டும். துருவலைத் துளையிட்டு எடுக்கும்போது எண்ணெய் ஊற்றாமலும், துருவல் நீலமாகக் கருகும் அளவுக்குச் சூடாகாமலும் எடுங்கள். பொருளை ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், மாதிரி எடுத்தவர் எண்ணெயோடு எடுத்திருந்தால் நாங்கள் அளப்பது எண்ணெயின் கார்பனையும் சேர்த்துத்தான்.

மற்ற தனிமங்களுக்கு அமிலத்தில் கரைத்து ஆர்கான் பிளாஸ்மாவில் தெளிக்கும் ஐசிபி முறை இருக்கிறது. உங்கள் தேவைக்கு அது வேண்டியதில்லை.

எந்தக் கூடத்தைத் தேர்ந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சோதனைக் கூடங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையின் ஏற்பு அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா? உங்கள் பொருளை ஒத்த கலவையுடைய சான்றளிக்கப்பட்ட நியமப் பொருளை (கலவை முன்பே உறுதியாகத் தெரிந்த துண்டை) அன்றைய தினம் சோதித்துப் பார்த்தார்களா? அறிக்கையில் அளவீட்டின் நிச்சயமின்மை தரப்படுமா? நியமப் பொருள் என்ற ஏற்பாடு புதிதன்று. அமெரிக்கத் தர நிறுவனம் வார்ப்பிரும்பு நியமங்களை 1906-இலேயே வெளியிட்டது. இரும்பு வார்ப்பவர்களுக்குள் ஒரே உலோகத்துக்கு வெவ்வேறு எண்கள் வந்ததால் எழுந்த தேவை அது. இன்றும் அதே தேவை இருக்கிறது. தாழ்கலவை எஃகு நியமத்தால் சரிபார்த்த கருவி, துருப்பிடிக்காத எஃகில் சரியாகப் படிக்கும் என்று கொள்ள முடியாது.

உங்கள் மாலிப்டினம் 2.07 என்பதையும் கவனித்தேன். கீழ் எல்லை 2.00. விலை உயர்ந்த தனிமம் என்பதால் ஆலைகள் எல்லையை ஒட்டியே வைப்பது வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் சில விநாடி அளவீட்டில் வந்த 2.07-ஐயும், கருவியின் நிச்சயமின்மை 0.05 என்றால் 2.02 முதல் 2.12 வரை என்றுதான் படிக்க வேண்டும். எல்லைக்கு அருகில் உள்ள துண்டுகளுக்கு அளக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

தரச்சான்று:

பகுப்பாய்வாளர் அவர்களுக்கு நன்றி. இன்னொன்றையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். வேதியியல் சரியாக இருந்தால் பொருள் சரி என்று ஆகிவிடாது. நாசாவின் 2009, 2011 ஆண்டுச் செயற்கைக்கோள் ஏவுதல்கள் இரண்டு தோல்வியடைந்ததற்கு, அலுமினியப் பாகங்களின் சோதனை முடிவுகளை அவற்றைத் தயாரித்த நிறுவனம் பொய்யாக எழுதியதே காரணம் என்று நாசா 2019-இல் அறிவித்தது. அங்கே பொய்யாக்கப்பட்டவை இயந்திர வலிமைச் சோதனை எண்கள். கலவையை மட்டும் சோதித்திருந்தால் அது பிடிபட்டிருக்காது. 6061 அலுமினியத்தை எவ்வளவு துல்லியமாகப் பகுத்தாலும், அது டி6 பதத்துக்கு வெப்பப்படுத்தப்பட்டதா என்பது தெரியாது. அதற்குக் கடினத்தன்மையையோ மின்கடத்துதிறனையோ பார்க்க வேண்டும். உயர் வெப்பத்தில் பயன்படும் குரோமியம் எஃகான பி91 குழாயும் அப்படித்தான். வனேடியமும் நியோபியமும் இருப்பதை வைத்து அதைப் பி9-இலிருந்து எக்ஸ்ஆர்எஃப் எளிதில் பிரித்துவிடும். ஆனால் வெப்பச் செயல்முறை தவறியிருந்தால் கலவை சரியாகவே இருக்கும், குழாய் மட்டும் தாங்காது.

உயிர்ப்பொருத்து:

நான் மருத்துவ உள்வைப்புப் பாகங்கள் செய்யும் துறையில் இருப்பதால் ஒரு கேள்வி. எங்களுக்கு டைட்டானியம் கிரேடு 2 என்று வருவதைக் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கொண்டு உறுதிசெய்வது வழக்கமாக இருக்கிறது. அது சரியா?

பகுப்பாய்வாளர்:

தூய டைட்டானியத்தின் கிரேடு 1 முதல் 4 வரை உள்ள வேறுபாட்டைத் தீர்மானிப்பதில் முதன்மையானது ஆக்சிஜன். மேல் எல்லை முறையே 0.18, 0.25, 0.35, 0.40 சதவீதம். எக்ஸ்ஆர்எஃப் இந்த நான்கையும் ஒன்றாகவே பார்க்கும். அது டைட்டானியம்தான் என்றும், 6 அலுமினியம் 4 வனேடியம் கலவை அல்ல என்றும் மட்டும் அதனால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆக்சிஜனுக்கு மந்தவாயுச் சூழலில் கிராஃபைட் கிண்ணத்தில் உருக்கி அளக்கும் முறைதான் வழி. உள்வைப்புக்குப் போகும் பொருளுக்கு அதைத் தவிர்க்கவே கூடாது.

பட்டறை:

காந்தத்தை வைத்துப் பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் இடத்தில் ஒட்டாவிட்டால் 304 அல்லது 316 என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

நிறமாலை:

காந்தம் ஒட்டாதது ஆஸ்டெனைட் (காந்தம் ஒட்டாத படிக அமைப்பு கொண்ட) எஃகு என்பதை மட்டும் காட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசை 5.5 முதல் 7.5 சதவீதம் வரை கூட்டிய 201 எஃகிலும் காந்தம் ஒட்டாது. அரிப்பைத் தாங்குவதில் அது 304-க்குச் சமமாகாது. மறுபுறம், உண்மையான 304-ஐக் குளிர்நிலையில் வளைத்தால் வளைவில் காந்தம் லேசாக ஒட்டும். அதன் வார்ப்பு வடிவத்திலும் காந்தம் ஒட்டும் படிக அமைப்பான ஃபெரைட் சிறிதளவு இருப்பதால் ஒட்டும். ஆகவே நல்லதைத் தள்ளிவிடவும் குறைந்ததை ஏற்றுக்கொள்ளவும் இரண்டுக்கும் காந்தம் இடம் தருகிறது. சரக்கில் சாதாரண எஃகு கலந்துவிட்டதா என்று முதலில் ஒதுக்கிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்வழி:

ஓஇஎஸ் சோதனையை முடித்துவிட்டோம். புற ஊதா முனையோடு கருவி வந்தது. 316எல் நியமத் துண்டை முதலிலும் இடையிலும் இறுதியிலும் வைத்துப் பார்த்தார்கள். முத்திரை உள்ள ஃபிளாஞ்சுகளில் கார்பன் 0.019 முதல் 0.024 வரை வந்தது, சான்றிதழோடு ஒத்துப்போகிறது. முத்திரை தேய்ந்தவற்றில் ஒன்று மட்டும் 0.047. துருவல் எடுத்து எரிப்பு முறையில் பார்த்தபோதும் 0.046 வந்தது. குழாய்களில் ஒரு ஹீட்டில் 0.033 வந்திருக்கிறது. சான்றிதழில் அதே ஹீட்டுக்கு 0.032 என்று இருக்கிறது. 316எல்-க்கு எல்லை 0.030 என்பதால் அந்த ஹீட்டையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எங்கள் பிரிவில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தரச்சான்று:

அவசரப்பட வேண்டாம். 0.030 என்ற எல்லை தகடுகளுக்கான ஏ240-இலும் ஃபிளாஞ்சுகளுக்கான ஏ182-இலும் உள்ளது. உங்கள் குழாய் ஏ312-இன்படி வாங்கப்பட்டதென்றால், அந்தத் தரநிலையில் டிபி316எல் கிரேடுக்குக் கார்பன் எல்லை 0.035. பலமுறை இழுத்துத் தயாரிக்க வேண்டிய சிறு விட்டக் குழாய்க்கும் மெல்லிய சுவர் குழாய்க்கும் 0.040 வரை அதிலேயே இடம் உண்டு. 316எல் என்ற ஒரே பெயர், பொருளின் வடிவத்துக்கேற்ப வெவ்வேறு எல்லையைக் குறிக்கிறது. கொள்முதல் ஆணையில் 0.030 என்று தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அந்தக் குழாய்களை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் அவை தேறியவை. சான்றிதழ் 0.032, உங்கள் அளவீடு 0.033 என்று இவ்வளவு நெருங்கி வந்திருப்பது, அந்த ஆலையின் காகிதத்தை நம்பலாம் என்பதற்கும் உங்கள் கருவி சரியாகப் படித்தது என்பதற்கும் ஒருசேரச் சான்று.

ஃபிளாஞ்சு வேறு கதை. 0.046 என்பது எல்லையையும் தாண்டி, பொருள் பகுப்பாய்வுக்கு விதி அனுமதிக்கும் சகிப்பளவையும் தாண்டியது. மாலிப்டினமும் நிக்கலும் சரியாக இருப்பதால் அது நல்ல 316, ஆனால் 316எல் அன்று.

பற்றவைப்பு மேற்பார்வை:

அந்த ஃபிளாஞ்சைத் தனியாக எடுத்து, 316 என்று வண்ணக்குறியிட்டுப் பூட்டிய இடத்தில் வையுங்கள். மற்ற ஃபிளாஞ்சுகளோடு ஒரே தட்டில் இருந்தால் இரவு வேலையில் யாராவது எடுத்துப் பொருத்திவிடுவார்கள். முத்திரை தேய்ந்த மீதி ஃபிளாஞ்சுகள் ஒவ்வொன்றுக்கும், ஒன்றுவிடாமல், கார்பன் அளவீடு இருக்க வேண்டும். தேறியவற்றின் விளிம்பில் புதிய அடையாள எண்ணைத் தாழழுத்த முத்திரையால் பொறித்து, அந்த எண்ணையும் பொறித்தடம் வைத்த இடத்தையும் அளவீட்டோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

வெல்டிங் கம்பியையும் மறந்துவிட வேண்டாம். ஈஆர்316எல் கம்பிச் சுருளும் ஃபிளாஞ்சைப் போலவே மாறிப்போகக் கூடியது. அடையாளச் சீட்டு கிழிந்த சுருளை வேலைக்கு எடுக்காதீர்கள். வெல்டிங் முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பின் மேலும் எக்ஸ்ஆர்எஃப் வைத்து மாலிப்டினம் இருப்பதை உறுதிசெய்யுங்கள். மாலிப்டினம் சேர்க்கப்படாத 308எல் கம்பி தவறுதலாக வந்திருந்தால் மாலிப்டினம் சரிந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். அளக்குமுன் வெல்டின் மேல் உள்ள கசடையும் நிறமாற்றத்தையும் கம்பித் தூரிகையால் நீக்குங்கள். அந்தத் தூரிகையும் துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும்.